மோட்டர் கொடுத்துப் படம் எடுத்தது போதும், ஒரு மிதி பம்பி சிங்க் கொடுங்கள்



நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் இதை மட்டும் வாசித்துவிட்டுப் போகலாம்: ஓர் அறையும் ஒரு குசினியும் உள்ள வீட்டில் தனியாகவோ பேத்தியோடோ இருக்கிற வயது போன ஓர் உம்மாவுக்கு ஸதகா செய்ய நினைத்தால், மோட்டரும் மேல் டேங்கும் வாங்கிக் கொடுக்காதீர்கள். காலால் மிதித்துத் தண்ணீர் எடுக்கிற ஒரு சிங்க்கைப் பொருத்திக் கொடுங்கள். ஏன் என்று கேட்பவர்கள் தொடர்ந்து வாசியுங்கள். திட்ட நினைப்பவர்களும் முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

சென்ற கிழமை ஊர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இதைத்தான் நான்கு வரியில் எழுதினேன். நான்கு வீடுகள் இருக்கின்றன, நான்கு மிதி பம்பி வேண்டும், யாராவது பொறுப்பெடுங்கள் என்று. பம்பி ஒன்றும் வரவில்லை, பதில்கள் வந்தன.

"சேர், இதெல்லாம் அந்தக் காலத்து வேல."

"ஏழ என்டா பம்பியா? அவங்களுக்கும் ஆச இருக்காதா?"

"லைன் வரப்போகுது. அதுக்குள்ள இது என்னத்துக்கு?"

"டெப் வச்ச கேன் ஒண்ட வாங்கிக் குடுத்தா முடிஞ்சிதானே."

ஒருவர் மட்டும், "விஞ்ஞானம் படிப்பிக்கிற மனிசன் பின்னுக்குப் போறாரே" என்று சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார். நான்கு பதிலுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். சிரிப்புப் பொம்மைக்கும் சேர்த்து.

முதலில், எந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிய வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்த சனத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிற வீடுகள். ஓலைக் கொட்டிலில் தொடங்கி, தகரமாகி, பிறகு யாரோ ஒரு நிறுவனம் போட்ட கல்வீடாக மாறியவை. சிலருக்கு மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ காணி இருக்கிறது, போய்க் குடியிருக்க வசதியில்லை. சிலர் போய்விட்டார்கள், வயது போன தாயை மட்டும் இங்கே விட்டுவிட்டு. மண் முழுக்க மணல். பல கிணறுகளில் தண்ணீர் உவர், அல்லது தோட்டத்து உரம் இறங்கிய தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் கேனில் வருகிறது. மற்ற வேலைக்கு ஒரு நீலப் பரல், குசினி வாசலில்.

அந்தப் பரலைச் சுற்றித்தான் ஒரு பெண்ணின் நாள் போகிறது. ஸுபஹுக்கு எழும்பினால் குனிந்து ஒரு கோப்பை அள்ள வேண்டும். அரிசி கழுவக் குனிய வேண்டும். மீன் வெட்டிய கையோடு குனிய வேண்டும். கழுவுகிற பேசின் நிலத்தில் இருக்கிறது, கழுவி முடியும்வரை குந்தியிருந்து பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்ப வேண்டும். ஐந்து நேர வுழூவுக்கும் இதே கூத்து. எழுபது வயதில், முழங்கால் தேய்ந்த பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிந்து எழும்பலாம் என்று உங்கள் வீட்டு உம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். சில பேர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். காரணம் கேட்டால், "மனே, ராவையில எழும்பிப் போக ஏலா" என்கிறார்கள்.

இன்னொரு விடயம். பரலின் வாய் திறந்தபடி இருக்கிறது. வீட்டில் எல்லோருடைய கையும் அதற்குள் போகிறது. சுத்தமான தண்ணீரை வாங்கி வந்து, வீட்டுக்குள் வைத்துக் கைபோட்டு அழுக்காக்குகிறோம். 1991இல் பெரு நாட்டில் கொலரா பரவியபோது ஆராய்ந்தவர்கள் கண்டது இதைத்தான். வீட்டில் சேமித்த தண்ணீருக்குள் கையும் கோப்பையும் போவதே நோய் பரவும் ஒரு வழியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் வாய் ஒடுங்கிய, மூடியுள்ள, கை போடாமல் தண்ணீர் எடுக்கக்கூடிய பாத்திரங்களை உலகம் முழுக்க வலியுறுத்தத் தொடங்கினார்கள். டெங்கு நுளம்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. திறந்த பரலில் நிற்கிற தண்ணீரில் ஒரு கிழமை, பத்து நாளில் முட்டையிலிருந்து நுளம்பாகிப் பறந்துவிடும். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் தண்டப் பணம் கட்டுவதும் இந்த உம்மாதான்.

இப்போது மோட்டர் கதைக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. எங்கள் மாணவி ஒருத்தியும் அவளுடைய உம்மம்மாவும் மட்டும். ஓர் அமைப்பு வந்து கிணற்றுக்கு மோட்டர் போட்டது, இரும்பு ஸ்டாண்ட் அடித்தது, 1000 லீற்றர் டேங்க் ஏற்றியது, குசினியில் ஒரு குழாய் வைத்தது. டேங்கில் கொடுத்தவரின் குடும்பப் பெயர் பெரிய எழுத்தில். சுவரில் ஒரு மாபிள் பலகை. ஒரு மௌலவி துஆ ஓதினார். உம்மம்மாவைக் குழாய்க்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், லைக் போட்டிருப்பீர்கள்.

ஏழாம் மாதம் கரண்ட் பில் கட்டவில்லை, வெட்டிவிட்டார்கள். காசு சேர்த்துக் கட்டி இணைத்த பிறகு மோட்டர் இரைந்தது, தண்ணீர் ஏறவில்லை. திருத்துகிறவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்ன தொகை அந்த வீட்டின் இரண்டு மாத அரிசிச் செலவு. அமைப்புக்குத் தொலைபேசி எடுத்தால், "அது போன வருஷத் திட்டம்" என்றார்கள். இன்று டேங்க் காய்ந்து நிற்கிறது. கீழே அதே நீலப் பரல். அதே கோப்பை. மாபிள் பலகை மட்டும் புதுசு மாதிரி இருக்கிறது.

கொடுத்தவரின் நிய்யத்தை நான் கேள்வி கேட்கவில்லை. அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது. கேள்வி வேறு. மாதாமாதம் பில் கேட்கும் ஒரு பொருளை, மாத வருமானம் இல்லாத வீட்டில் யாரைக் கேட்டு வைத்தீர்கள்? அந்த உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அந்த வீட்டில் தண்ணீர் அள்ளுகிற ஆளிடம் ஒருவரும் பேசவில்லை. பேசிய எல்லோரும் ஆண்கள், அவர்கள் வீட்டில் தண்ணீர் அள்ளுவது வேறு யாரோ.

கரண்டைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள், மறந்துவிட்டதா? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொன்னார்கள், நாடு முழுக்க இருட்டு. அதோடு நுரைச்சோலையில் மூன்று இயந்திரங்களும் நின்று, அடுத்த சில நாட்களும் மின்வெட்டு. 900 மெகாவொட் அனல் மின்நிலையம் இருப்பது எங்கள் குடாநாட்டில். அதன் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே நாங்கள் மெழுகுதிரி கொளுத்தினோம். அன்றைக்கு மோட்டர் இருந்த வீடுகளிலும் வாளிதான் பேசியது.

சரி, பதில்களுக்கு வருவோம்.

"இதெல்லாம் அந்தக் காலத்து வேல."

அமெரிக்காவில் 400 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு "டைனி ஹவுஸ்" என்று பெயர். 2018இல் அங்கே மாதிரிக் கட்டட விதிக்கோவையிலேயே அதற்கென்று ஓர் இணைப்புச் சேர்த்தார்கள். படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள், விரும்பிப் போய் இருக்கிறார்கள். யூடியூபில் தேடினால் மணிக்கணக்கில் பார்க்கலாம். அந்த வீடுகளில் லைன் இல்லாத இடத்தில் என்ன வைக்கிறார்கள்? சிங்க்கின் கீழே ஒரு கேன், நிலத்தில் ஒரு மிதி பம்பி. மிதித்தால் தண்ணீர், விட்டால் நிற்கும். பாய்க்கப்பல்களிலும் கரவன் வண்டிகளிலும் பல காலமாக இருக்கிற சாமான் அது. கோடிக்கணக்கில் பெறுமதியான படகில் இருப்பவன் காலால் மிதித்துக் கை கழுவுகிறான், அவனுக்கு அது கௌரவக் குறைவாகத் தெரியவில்லை. ஆலங்குடாவில் ஓர் உம்மா மிதித்தால் மட்டும் ஊருக்கு வெட்கமா? அவன் வீடு டைனி ஹவுஸ். எங்கள் வீடு வெறும் சின்ன வீடு. அளவு ஒன்றுதான். சுனாமிக்குப் பிறகு கொடுத்த வீடுகளின் கணக்கே 500 சதுர அடி. மலையகத்து லயன் அறையின் அளவைச் சொன்னால் அமெரிக்கக்காரன் நம்பமாட்டான்.

அவ்வளவு தூரம் போவானேன். 2020ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனா வந்த சில கிழமைக்குள் வங்கி வாசலில், கடை வாசலில், பள்ளிவாசலில், பாடசாலைக் கேற்றில் காலால் மிதிக்கிற சிங்க் முளைத்தது. ஊர் வெல்டிங் கடைப் பையன்கள் அடித்தார்கள். பெரும்பாலும் பழைய இரும்பு, ஒரு வயர், ஒரு ஸ்பிரிங். அமைச்சரும் மிதித்தார், அதிபரும் மிதித்தார், ஹஸ்ரத்தும் மிதித்தார். அப்போது யாரும் "அந்தக் காலத்து வேல" என்று சொல்லவில்லை. ஏனென்றால் அப்போது பயம் நமக்கு இருந்தது. இன்று அந்தச் சிங்க்குகள் எங்கே? பாடசாலைக் களஞ்சியத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், துருப்பிடித்துக் கிடக்கும். நமக்குச் சாவுப் பயம் வந்தால் ஒரு கிழமையில் செய்ய முடிந்தது. ஓர் உம்மாவின் முதுகு நோவுக்கு முப்பது வருடமாகச் செய்ய முடியவில்லை.

சிரிப்புப் பொம்மை போட்ட சகோதரருக்கு இன்னொன்று. மீலாத் விழாப் பேச்சுப் போட்டியில் பிள்ளைகளுக்கு "விஞ்ஞானத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு" என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம். அல்ஜஸரி என்ற பெயர் அதில் கட்டாயம் வரும். அந்த மனிதர் 1206இல் முடித்த நூலில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? இரண்டு உருளைகள் மாறி மாறி வேலை செய்து, குழாயால் தண்ணீரை உறிஞ்சி மேலே தள்ளுகிற பம்பி இருக்கிறது. கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிற மயில் இயந்திரம் இருக்கிறது, அது சவர்க்காரமும் துவாயும்கூட நீட்டும். தியார்பக்கிரில் அரசன் கை கழுவுவதற்காக அந்த மேதை மூளையைச் செலவழித்தார். அதை மேடையில் பெருமையாகச் சொல்லிவிட்டு, ஊரில் ஒருத்திக்கு ஒரு பம்பி வைப்பதைப் பார்த்துச் சிரிக்கிறோம். விஞ்ஞானத்தில் பின்னுக்குப் போனது யார்?

"ஏழ என்டா பம்பியா? அவங்களுக்கும் ஆச இருக்காதா?"

இருக்கும். அவர்களுக்கு வேண்டியதை அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். நான் கேட்ட நான்கு பேரில் ஒருவர்கூட டேங்க் கேட்கவில்லை. "நிண்டுகொண்டு கழுவ ஏலுமா இருந்தா நல்லம்" என்றார் ஒருவர். இன்னொருவர், "சேலைய நனைக்காம ஒழு செய்ய ஏலுமா?" என்று கேட்டார். ஆசை இதுதான். 1000 லீற்றர் டேங்க் ஆசை கொடுப்பவருடையது, ஏனென்றால் அது ரோட்டிலிருந்தே தெரியும், பெயர் எழுத இடம் இருக்கிறது. சிங்க் குசினிக்குள் இருக்கும். அதில் யாருடைய பெயரும் தெரியாது. வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுப்பவரின் சிறப்பை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1000 லீற்றர் தண்ணீர் என்றால் 1000 கிலோ. தகரக் கூரை வீட்டில் அதை எங்கே வைப்பது? அதற்கென்று தனி ஸ்டாண்ட், அதற்கு அத்திவாரம், பைப், வயரிங். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அவ்வளவு எதற்கு? அனர்த்தக் காலத்தில் ஒருவருக்கு நாளுக்கு ஆகக் குறைந்தது 15 லீற்றர் வேண்டும் என்பது சர்வதேச நியமம். அதுவே இரண்டு பேருக்கு 30. அதன்படி பார்த்தால் டேங்க் ஒரு மாதத்துக்கு மேல் போகும். மணலில் நடப்பட்ட கம்பியில் ஒரு தொன் பாரத்தை ஏற்றி, அதன் கீழே பேத்தியை விளையாட விடுகிறோம்.

"லைன் வரப்போகுது. அதுக்குள்ள இது என்னத்துக்கு?"

வரட்டும். வர வேண்டும். குழாய்த் தண்ணீர் இந்த மக்களின் உரிமை. நீர் வழங்கல் சபையிடமும் பிரதேச சபையிடமும் கேட்பதை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. நாளைக்கு ஓர் அரசியல்வாதி வந்து, "உங்களுக்குத்தான் மிதி பம்பி இருக்கே" என்று சொன்னால், அவருடைய வீட்டு லைனை வெட்டிவிட்டு ஒரு மிதி பம்பியை அவருக்கும் கொடுங்கள். இந்தச் சிங்க் லைனுக்குப் பதிலாக வைப்பது இல்லை.

ஆனால் லைன் வரும் வரும் என்று கேட்டுக்கொண்டே மௌத்தாகிப் போனவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு தடவை வரும் என்றார்கள். நாளைக்கு வரப்போகும் குழாய்க்காக இன்றைக்கு ஒருத்தி குனிந்துகொண்டு இருக்க வேண்டும் என்று எந்த ஷரீஅத்தில் இருக்கிறது? லைன் வந்தால் இந்தச் சிங்க் வீணாவதும் இல்லை. அதே சிங்க், அதே கழிவுக் குழாய். கீழே கேனைக் கழற்றிவிட்டுக் குழாயைப் பூட்டினால் சரி. பம்பியை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம்.

"டெப் வச்ச கேன் ஒண்ட வாங்கிக் குடுத்தா முடிஞ்சிதானே."

இதுதான் நான்கிலும் நியாயமான கேள்வி. வீட்டில் பலமுள்ள ஒரு பிள்ளை இருந்தால் அதையே செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. உடையப் பம்பியே இருக்காது. ஆனால் டெப்பால் தண்ணீர் விழ வேண்டுமானால் கேன் சிங்க்கைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நிறைந்த கேன் 20 கிலோ. அதை நெஞ்சளவுக்குத் தூக்கி வைப்பது யார்? பேத்தி பாடசாலைக்குப் போன பிறகு கேன் முடிந்தால் உம்மம்மா என்ன செய்வார்? மிதி பம்பியின் பலனே கேன் நிலத்தில் இருப்பதுதான். தூக்கத் தேவையில்லை. ஒரு வாளியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நிரப்பலாம். தண்ணீரை மேலே ஏற்றும் வேலையை முதுகு செய்யாமல், ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கால் செய்கிறது.

இப்போது வைக்கிற முறை. எழுதித் தருகிறேன், எந்த மேசன் பாஸிடமும் காட்டுங்கள்.

மிதி பம்பிக்குள் ஒரு ரப்பர்த் தகடு, ஒரு ஸ்பிரிங், இரண்டு வால்வு. அவ்வளவுதான். மிதிக்கும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் மேலே போகிறது. காலை எடுத்ததும் ஸ்பிரிங் தகட்டை இழுக்கிறது, உள்ளே அமுக்கம் குறைகிறது, வெளியே இருக்கிற வளிமண்டல அமுக்கம் கேனிலிருந்து தண்ணீரைத் தள்ளி நிரப்புகிறது. ஓ.எல் விஞ்ஞானப் பாடம். படகுச் சாமான் விற்கிற இடங்களில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பெரிய தண்ணீர்ப் போத்தலுக்கு மேலே வைத்துக் கையால் அமுக்குகிற பம்பி எல்லா ஊரிலும் இருக்கிறது, அதில் தொடங்கலாம். மண்ணெண்ணெய் இழுத்த பம்பியை எடுக்காதீர்கள், எவ்வளவு கழுவினாலும் போகாது.

கேன் சாப்பாட்டுச் சாமான் வந்ததாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் தோட்டங்களில் கிருமிநாசினி கேன் மலிவாகக் கிடைக்கும். அதைத் தொடவே வேண்டாம். மூடி இருக்க வேண்டும், மூடியில் ஊசி பருமனில் ஒரு காற்றுத் துளை வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் குறையக் குறையப் பம்பி இறுகும். துளைக்கு மேலே ஒரு துண்டு நுளம்பு வலை. உறிஞ்சு குழாயின் நுனி அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நிற்கட்டும், மண்டி ஏறாது. நுனியில் ஒரு திருப்பாத வால்வு பூட்டினால் ஏறிய தண்ணீர் கீழே இறங்காது, காலையில் முதல் மிதியிலேயே வரும். ஒவ்வொரு மூட்டுக்கும் கிளிப் போட்டு இறுக்குங்கள். பம்பி தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்தால் பத்தில் ஒன்பது தடவை குற்றம் மூட்டில்தான் இருக்கும்.

சிங்க்கின் உயரத்தை மேசனின் வழக்கத்துக்கு விடாதீர்கள். அந்த உம்மாவை நிற்க வைத்து, முழங்கையிலிருந்து நான்கைந்து அங்குலம் கீழே சிங்க்கின் விளிம்பு வருமாறு அளவெடுங்கள். சுவரில் பிடிக்க ஒரு கம்பி கட்டாயம். ஒரு காலில் நின்று மற்றக் காலால் மிதிக்கும்போது வயதானவர் தடுமாறலாம். முழங்கால் ஏலாதவருக்கு மிதி பம்பியே வேண்டாம், சிங்க் மேலே கையால் ஆட்டுகிற பம்பியைப் பூட்டுங்கள். ஆளைப் பார்த்துத்தான் சாமான்.

கழிவுத் தண்ணீரை மறந்துவிடுவார்கள். சிங்க்கின் கீழே குழாயை ஒரு வளைவு வளைத்து விடுங்கள், அந்த வளைவில் தண்ணீர் நின்று மணமும் கரப்பானும் வராமல் தடுக்கும். பிறகு வெளியே வாழையடிக்கு. மணல் தரை எல்லாவற்றையும் கீழே இறக்கும், அதனால் கிணற்றுக்குப் பக்கத்தில் விடாதீர்கள். வெளியே விட வழியில்லாத வீட்டில் இன்னொரு கேன் வைக்கலாம். நல்ல தண்ணீர் நிரப்பும்போதெல்லாம் கழிவுக் கேனைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு சட்டம் போடுங்கள், நிரம்பி வழியாது.

கடைசியாக, பம்பி வாங்கும்போதே மேலதிகமாக ஒரு ரப்பர்த் தகடும் வால்வும் வாங்கி, ஒரு பையில் போட்டு சிங்க்கின் கீழே ஆணியில் மாட்டிவிடுங்கள். பேத்திக்கு ஒரு தடவை கழற்றிப் பூட்டக் காட்டிக் கொடுங்கள். மோட்டர் கொடுத்த அமைப்பு இதைத்தான் செய்யவில்லை. ரப்பர்த் தகட்டைப் படம் எடுத்துப் போட முடியாது.

வுழூவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூ செய்ததாக ஸஹீஹான ஹதீஸில் வருகிறது. முத்து என்றால் இரண்டு கையும் சேர்த்து அள்ளுகிற அளவு, இன்றைய கணக்கில் முக்கால் லீற்றருக்குக் கிட்ட. நம்முடைய பள்ளிவாசலில் குழாயை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்து ஆளோடு கதைத்துக் கதைத்து வுழூ செய்கிறோம். அப்படித் திறந்த குழாயில் நிமிடத்துக்கு 6 முதல் 10 லீற்றர் போகும். மிதி பம்பியில் அது நடக்காது. கால் நின்றால் தண்ணீர் நிற்கும். சுன்னத்தான அளவுக்குக் கிட்ட இந்தச் சாமான் தானாகவே நம்மைக் கொண்டுபோகிறது. காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற வீட்டுக்கு அது ஸவாப் மட்டும் இல்லை, சேமிப்பும்கூட. கால் கழுவ ஒரு ஜக்கை சிங்க்கில் நிரப்பிக்கொண்டு ஒரு கதிரையில் இருந்து கழுவலாம்.

பம்பி செய்யாததையும் சொல்லிவிடுகிறேன். அது தண்ணீரைச் சுத்தமாக்காது. கேனில் கெட்ட தண்ணீர் ஊற்றினால் கெட்ட தண்ணீர்தான் வரும். 1854இல் லண்டனில் கொலராவை நிறுத்த ஒரு தெருப் பம்பியின் கைப்பிடியையே கழற்ற வேண்டி வந்தது, ஏனென்றால் அதன் கீழே இருந்த கிணறு கெட்டிருந்தது. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைப்பதைக் கைவிடக்கூடாது. கேனையும் கிழமைக்கு ஒரு தடவை கழுவ வேண்டும். வீட்டு வாசல் வரை தண்ணீரைச் சுமக்கிற பாரமும் முழுதாகப் போகாது. குறையும், ஏனென்றால் செலவு குறையும். மிச்சப் பாரத்துக்குத்தான் லைன் கேட்கிறோம்.

இனி என்ன செய்யலாம்?

ஸகாத் குழுக்களுக்கு: நோன்புக்கு முன் பட்டியல் போடும்போது "மோட்டர், டேங்க்" என்ற வரிக்குக் கீழே "சிங்க், மிதி பம்பி" என்று ஒரு வரி சேருங்கள். ஒரு மோட்டர்த் திட்டத்தின் மொத்தச் செலவை எடுத்து, சிங்க், கேன், பம்பி, குழாய், மேசன் கூலி எல்லாவற்றையும் ஹார்ட்வெயாரில் விசாரித்து வகுத்துப் பாருங்கள். எத்தனை வீடு வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

பாடசாலைகளுக்கு: உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. பிள்ளைகள் செய்திட்டம் செய்கிறார்கள், காட்போட் மாதிரி செய்து கண்காட்சியில் வைத்துவிட்டுக் குப்பையில் போடுகிறார்கள். அதற்குப் பதிலாக ஆளுக்கொரு வீட்டில் உண்மையான சிங்க் ஒன்றைப் பொருத்தட்டும். களஞ்சியத்தின் பின்பக்கம் துருப்பிடித்துக் கிடக்கிற 2020ஆம் ஆண்டுச் சட்டங்களை வெட்டி எடுத்தாலே கால்வாசி சாமான் கிடைக்கும்.

வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு: கட்டாரிலிருந்து காசு அனுப்பும்போது படம் கேட்காதீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரு தொலைபேசி எடுங்கள். "உம்மா, தண்ணி வருதா?" என்று கேளுங்கள்.

நான்கு வீடுகளின் விபரம் என்னிடம் இருக்கிறது. பெயரும் படமும் இங்கே போடமாட்டேன், அவர்கள் காட்சிப் பொருள் இல்லை. உதவ நினைப்பவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், நேரே ஹார்ட்வெயாருக்கும் மேசனுக்கும் காசைக் கொடுங்கள், என் கைக்கு ஒரு சதமும் வேண்டாம். வாதாட விரும்புபவர்கள் கொமெண்டில் வாருங்கள். ஆனால் வருமுன் ஒரு தடவை, உங்கள் வீட்டுக் குழாயை மூடிவிட்டு, ஒரு நாள் முழுக்க ஒரு பரலில் குனிந்து அள்ளி ஐந்து நேரமும் வுழூ செய்து பார்த்துவிட்டு வாருங்கள்.

பகிர்ந்தால் நல்லது. பொருத்திக் கொடுத்தால் அதைவிட நல்லது.